கருக்கிய சர்க்கரை

கிழக்குத் தாம்பரம்
3 செப்டம்பர் 1989

அன்புள்ள பேபிக்கு,

நான் நலம். நீயும் மாப்பிள்ளையும் ஜெனியும் நலமாக இருக்க ஜெபிக்கிறேன்.

விசா கிடைத்துவிட்டது. தூதரகத்தில் நான் பயந்த அளவுக்கு எதுவும் கேட்கவில்லை. ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் என்றதும் அந்த அதிகாரி சிரித்தார். எதற்குச் சிரித்தார் என்று மின்சார ரயிலில் தாம்பரம் வந்து சேரும்வரை யோசித்துக்கொண்டே வந்தேன். டிசம்பர் 28க்குள் அமெரிக்காவில் இறங்கிவிட வேண்டுமாம். தவறினால் விசா செல்லாது. புறப்படும் தேதியைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

நீ கேட்டிருந்த விஷயத்துக்கு வருகிறேன். உன் கல்யாணத்தின்போது அம்மா எழுதிக் கொடுத்த கிறிஸ்துமஸ் கேக்கின் அளவுகளை இத்தனை வருடம் கழித்து எடுத்திருக்கிறாய். நான் வரும் கிறிஸ்துமசுக்கு அந்தக் கேக் மேசையில் இருக்க வேண்டும் என்கிறாய். அதிலுள்ள பெயர்கள் உன் ஊர்க் கடைக்காரர்களுக்குப் புரியவில்லை என்பதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. மிஷன் பள்ளியில் அம்மாவுக்குச் சமையல் வகுப்பு எடுத்த வெள்ளைக்கார அம்மாள் இங்கிலாந்துக்காரர். பெயர்களும் அந்த ஊர்ப் பெயர்களே. கல்லூரி நூலகத்துக்குப் போய் ஓர் அமெரிக்க அகராதியையும் அமெரிக்கப் பெண்கள் பத்திரிகைகள் சிலவற்றையும் வைத்துக்கொண்டு ஒத்துப் பார்த்தேன். தவறு இருக்கலாம், கடையில் ஒருமுறை கேட்டுக்கொள்.

அம்மா காஸ்டர் சுகர் என்று எழுதியிருப்பது அங்கே சூப்பர்ஃபைன் சுகர். ஐசிங் சுகர் அங்கே பவுடர்ட் சுகர். கேக்கின் மேலே பூசும் ஐசிங்கை ஃப்ராஸ்டிங் என்பார்கள் போலிருக்கிறது. கார்ன்ஃப்ளவர் என்று கேட்டால் மக்காச்சோள மாவைக் கொடுத்துவிடக்கூடும், ஆகையால் கார்ன்ஸ்டார்ச் என்று கேள். மைதாவுக்கு ஆல்பர்ப்பஸ் ஃப்ளவர் என்று பெயர். உலர்திராட்சைக்குச் சுல்தானா என்றால் விழிப்பார்கள், கோல்டன் ரெய்சின் என்றால் கொடுப்பார்கள். அம்மா டின் என்று எழுதியிருக்கும் இடத்திலெல்லாம் பேன் என்று படித்துக்கொள். பேன் என்றால் தோசைக்கல்லைத் தவிர வேறொன்றை நான் நினைத்ததே இல்லை, ஆனால் பத்திரிகையில் படத்தோடு போட்டிருக்கிறார்கள்.

பிஸ்கட்தான் எனக்கு இன்னும் மனதில் ஏறவில்லை. நாம் பிஸ்கட் என்பதை அவர்கள் குக்கி என்கிறார்கள். அதிலே உப்புப் போட்டால் கிராக்கர். அவர்கள் பிஸ்கட் என்பதோ இங்கிலாந்தில் ஸ்கோன் என்கிற மெத்து ரொட்டிக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி இருக்கிறது. நான் எத்தனை பிள்ளைகளுக்கு இந்தச் சொல்லைக் கற்றுக்கொடுத்திருப்பேன்.

இங்கே வெயில் குறையவில்லை.

ஆசீர்வாதங்களுடன்,
அப்பா


டேட்டன், ஒஹையோ
19 செப்டம்பர் 1989

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை ஃப்ரிட்ஜில் ஒட்டி வைத்துக்கொண்டு கடைக்குப் போய்வந்தேன். எல்லாம் கிடைத்தது. ஒரே ஒரு கடைக்காரர்தான், எந்த ஊர் ஆங்கிலம் இது என்று கேட்டார். எங்க அப்பா ஊர் ஆங்கிலம் என்று சொன்னேன்.

பிஸ்கட் கதையை உங்களிடம் நான் சொன்னதே இல்லை. இங்கே ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், கேன்டீனில் டீயும் பிஸ்கட்டும் கேட்டேன். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மெத்து ரொட்டி, அதன்மேல் வெள்ளையாக, உப்பாக, மிளகு போட்ட ஒரு குழம்பை ஊற்றிக் கொடுத்தார்கள். அதை டீயில் நனைக்க முயற்சி செய்தேன். பக்கத்து மேசை மொத்தமும் பார்த்துக்கொண்டிருந்தது. அன்றைக்கு அழுதேன். இப்போது ஜெனியிடம் சொன்னால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். "தாத்தா வந்து குக்கிக்கு பிஸ்கட்னு சொன்னா நான் என்ன பண்றது?" என்கிறாள். நீ குக்கியைக் கொடு என்று சொல்லியிருக்கிறேன்.

கேக் சரியாக வரவில்லை அப்பா. கறுப்பாக இருக்கிறது. கசக்கிறது. ஓரம் உதிர்கிறது. எனக்கு நினைவிருக்கிற கேக்கில் ஆரஞ்சு வாசனை இருக்கும். பல்லில் நறநறவென்று ஏதோ ஒன்று மாட்டும். இதில் அதெல்லாம் இல்லை. சாம் ஒரு துண்டு தின்றுவிட்டு "நாட் பேட்" என்றார், அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். மிச்சத்தைக் குப்பையில் போட்டுவிட்டேன். ஏதோ ஒரு சாமானின் பெயரில் தவறு நடந்திருக்கிறது. கொஞ்சம் பாருங்கள்.

டிக்கெட் தேதி? விமானத்தில் இப்போதே சொல்லி வைக்காவிட்டால் கிறிஸ்துமசுக்கு இடம் கிடைக்காது.

அன்புடன்,
பேபி


கிழக்குத் தாம்பரம்
5 அக்டோபர் 1989

அன்புள்ள பேபிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கேன்டீன் கதையை இரண்டு முறை படித்தேன். அன்றைக்கு அழுததை அப்போதே எழுதியிருக்கலாம். எழுதியிருந்தாலும் நான் என்ன செய்திருப்பேன் என்றுதான் யோசிக்கிறேன். அகராதியைப் பார்த்துப் பதில் எழுதியிருப்பேன்.

கசப்புக்குக் காரணம் தேடினேன். அம்மாவின் குறிப்பில் உள்ள 'கருக்கிய சர்க்கரை' என்பதற்குப் பதிலாக ஒருவேளை நீ மொலாசஸ் என்ற கறுப்புப் பாகை வாங்கி ஊற்றியிருக்கிறாயோ என்று முதலில் எண்ணினேன். ஆங்கிலேயர்கள் ட்ரீக்கிள் என்பதை அமெரிக்கர்கள் மொலாசஸ் என்கிறார்கள். அது வேறு, இது வேறு. இது வெறும் சர்க்கரையை வாணலியில் போட்டுப் புகைய விட்டு வெந்நீர் ஊற்றுவது. சோடா உப்பும் பேக்கிங் பவுடரும் மாறிப்போனாலும் கசக்கும். நறநறவென்று மாட்டியது எதுவென்றால், நம் வீட்டில் காஸ்டர் சுகர் கடையில் வாங்கியதல்ல, அம்மா அம்மியில் பொடித்தது. சரியாகப் பொடியாமல் நின்ற சர்க்கரையாக இருக்கலாம். ஆரஞ்சு வாசனைக்கு எனக்கு விளக்கம் கிடைக்கவில்லை. அம்மாவின் குறிப்பில் ஆரஞ்சு இல்லை. உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கும் அந்த வாசனை நினைவுக்கு வந்தது, ஆகையால் நீ தவறாகச் சொல்லவில்லை.

பிறகு ஒன்று தோன்றியது. நம் வீட்டில் அடுப்பு ஏது? கேக் சுடும் அடுப்பைச் சொல்கிறேன். அம்மா மாவைக் கலந்து டின்னில் ஊற்றிக் கொடுப்பாள், மார்க்கெட்டுக்குப் பின்னால் உள்ள பேக்கரிக்கு நான் கொண்டுபோவேன். டிசம்பர் இரண்டாம் வாரத்தில் நம் சபையார் பாதிப் பேர் அங்கே டின்னோடு நிற்பார்கள். டின்னின் பக்கத்தில் பெயரெழுதிய காகிதத்தை மைதாப் பசையால் ஒட்டியிருப்போம். விறகு அடுப்பில் ரொட்டியை இறக்கியபின் அந்த வேக்காட்டில் கேக்குகளை விடுவார்கள். கொண்டுபோவது நான், சாயங்காலம் வாங்கி வருவது அம்மா. அந்த அடுப்பின் சூடுதான் உன் அடுப்பில் இல்லை என்று நினைத்து, நேற்றுப் பேக்கரிக்குப் போனேன்.

பொன்னுசாமிதான் இப்போது நடத்துகிறார். அவர் தகப்பனார் இறந்துவிட்டார். "இன்னா சார், ரொட்டியா பன்னா?" என்றார். இரண்டும் இல்லை, உங்கள் அடுப்பின் சூடு எத்தனை டிகிரி என்றேன். அவர் என்னையும் அடுப்பையும் மாறி மாறிப் பார்த்தார். "டிகிரி படிச்சவரு நீ கேக்கற. எங்க நைனாவ கேட்டிருந்தா எதுனா சொல்லியிருப்பாரு. நமக்கு இன்னா தெரியும், ரொட்டி எறக்கினதும் கேக்க வுடறோம், அது பாட்டுக்கு வேவுது." பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் திரும்பும்போது கூப்பிட்டு, "செல்லம்மான்னு டெலிபோன்காரம்மா, கேம்ப் ரோடுல கீறாங்களே, அவங்கதான் இன்னும் வருசா வருசம் டின்னு தூக்கினு வராங்க. அவங்கள கேளு சார்" என்றார்.

ஒருநாள் போய்க் கேட்கிறேன். மழைக்கு முன்னால் கூரையில் ஓட்டை அடைக்க ஆள் பார்க்க வேண்டியிருக்கிறது. நவம்பரில் பென்ஷனுக்கு உயிரோடிருக்கும் சான்று கொடுக்க வேண்டும். இவற்றை முடித்துக்கொண்டு தேதி எழுதுகிறேன்.

ஆசீர்வாதங்களுடன்,
அப்பா


டேட்டன்
23 அக்டோபர் 1989

அப்பாவுக்கு,

மறுபடியும் செய்தேன். மொலாசஸ் ஊற்றவில்லை, முதல் தடவையும் ஊற்றவில்லை. சோடா மாறவில்லை. சர்க்கரையை அரைகுறையாகப் பொடித்துப் போட்டேன். அதே கறுப்பு, அதே கசப்பு. இரண்டாவதும் குப்பைக்குப் போயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து நின்ற காலோடு நின்று செய்தேன். போதும் அப்பா.

நான் கடிதத்துக்குக் கடிதம் தேதி கேட்கிறேன். நீங்கள் ட்ரீக்கிளுக்கும் மொலாசசுக்கும் வித்தியாசம் எழுதுகிறீர்கள். கூரை ஓட்டை என்கிறீர்கள். விற்கப்போகிற வீட்டுக்குக் கூரை எதற்கு? பின்வீட்டு சுந்தரராமன் சார் எனக்கே எழுதிவிட்டார். வீட்டை வாங்கிக்கொள்ளத் தயாராக இருக்கிறாராம், உங்களைப் பார்த்துக் கேட்டால் "யோசிக்கிறேன்" என்கிறீர்களாம், வருஷம் முடிவதற்குள் ஒரு வார்த்தை வேண்டுமாம். கீழே உங்களுக்கு ஒரு அறை ஒழித்து வைத்திருக்கிறேன். படி ஏற வேண்டாம் என்று சாம்தான் சொன்னார். அந்த அறை ஜூலையிலிருந்து காலியாக இருக்கிறது.

ஒன்று கேட்கிறேன், இதற்காவது நேராகப் பதில் எழுதுங்கள். அம்மா இறந்தபோது நான் வரவில்லை. இங்கே நிரந்தரமாகத் தங்குவதற்கான பேப்பர் கையில் இல்லை, வந்தால் திரும்ப முடியாது, ஜெனிக்கு ஆறு வயது. உங்களுக்கு எல்லாம் தெரியும். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அன்றைக்கு நான் வராததால்தான் இன்றைக்கு நீங்கள் வர மறுக்கிறீர்களா?

பேபி


கிழக்குத் தாம்பரம்
9 நவம்பர் 1989

அன்புள்ள பேபிக்கு,

உன் கடிதத்துக்கு மூன்று முறை பதில் எழுதிக் கிழித்துவிட்டேன். நீ கேட்ட கேள்விக்குப் பதில் எழுதுவேன். அதற்கு முன்னால் வேறொன்று சொல்ல வேண்டியிருக்கிறது. மறுபடியும் கேக் விஷயம் என்று கடிதத்தைத் தூக்கிப் போட்டுவிடாதே. தயவுசெய்து முழுவதும் படி.

முந்தாநாள் மழையில் கேம்ப் ரோட்டுக்கு, செல்லம்மா வீட்டுக்குப் போனேன். உனக்கு நினைவிருக்கும். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவர், சபையில் பெண்கள் ஐக்கியத்தில் அம்மாவோடு இருந்தவர். அவர் வீட்டுக்காரரும் காலமாகிவிட்டார். தனியாகத்தான் இருக்கிறார்.

"வாங்கண்ணா. கொடைய வெளியவே வைங்க, தரை ஈரமாவுது" என்றார். டீயும் தட்டில் பிஸ்கட்டும் கொண்டுவந்து வைத்தார். அந்தத் தட்டைப் பார்த்ததும் எனக்கு உன் கேன்டீன் ஞாபகம் வந்தது. விஷயத்தைச் சொல்லி, அடுப்புச் சூட்டைப் பற்றிக் கேட்டேன். அவர் சூட்டைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், "கேக்கு கறுப்பா வருதாமா?" என்றார்.

"ஆமாம்மா."

"லேசா கசக்குதா?"

"லேசாக இல்லை, நன்றாகவே கசக்கிறது என்று எழுதியிருக்கிறாள்."

"வெட்டுனா ஓரம் உதிருதா?"

"ஆமாம். இரண்டு தடவையும் அப்படித்தான்."

"அப்பறம் என்னண்ணா, சரியாத்தான செஞ்சிருக்கா. அதான் ரத்தினபாய் கேக்கு."

நான் இத்தனை வருடம் தின்றிருக்கிறேன், ஒருமுறைகூடக் கசந்ததில்லையே என்றேன்.

"நீங்க தின்னது என்னுதுண்ணா" என்றார்.

எனக்குச் சட்டென்று புரியவில்லை. அவரே பொறுமையாகச் சொன்னார். நாம் தாம்பரத்துக்கு வந்த புதிதில், ஒரு டிசம்பரில் இரண்டு வீட்டு டின்னிலும் காகிதம் அடுப்பில் கருகி உதிர்ந்துவிட்டதாம். இரண்டு டின்னும் ஒரே பாத்திரக்கடையில் வாங்கியவை, அடையாளம் இல்லை. பொன்னுசாமியின் தகப்பனார் மாற்றிக் கொடுத்துவிட்டார். இருவரும் வீட்டில் வெட்டிய பிறகே கண்டுபிடித்தார்கள். இருவருமே வாயைத் திறக்கவில்லை. மாறிவிட்டது என்று போய்ச் சொன்னால், உன் கேக் எனக்குப் பிடிக்கவில்லை என்று சொன்னது போல் ஆகிவிடுமாம்.

புது வருடம் பிறந்து ஐக்கியக் கூட்டத்தில் செல்லம்மாதான் முதலில் ஆரம்பித்திருக்கிறார், "உங்க கேக்கு எங்க வீட்டுக்காரருக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. திகட்டலையாம்." அதற்கு அம்மா சொன்னாளாம்: "எங்க பேபி கேக்குன்னாலே துப்புவா. இந்த வருஷம் இன்னொரு துண்டு குடுன்னு கேட்டா. இப்படியே இருக்கட்டுமே." அதன்பிறகு ஒவ்வொரு வருடமும், சாயங்காலம் இருவரும் ஒன்றாகப் பேக்கரிக்குப் போய், ஒருவர் டின்னை மற்றவர் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். அடுப்பிலிருந்து இறங்கியதைத் தூக்க எனக்குப் பக்குவம் போதாது என்றுதான் அம்மா தானே போகிறாள் என்று எண்ணியிருந்தேன்.

பக்குவத்தைக் கேட்டு வாங்கி வீட்டிலேயே செய்திருக்கலாமே, ஏன் இவ்வளவு சுற்று என்று கேட்டேன். "கேக்க மாத்திக்கலாம், அளவு கேக்கக் கூடாது. அப்படி ஒரு ரோஷம் ரெண்டு பேருக்கும். அவளும் கேக்கல, நானும் குடுக்கல." என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "உங்க வீட்டம்மா சொல்லல, நான் எதுக்குச் சொல்லணும்? எக்ஸ்சேஞ்சுல ஊரே பேசுறதக் கேட்டுக்கிட்டு வாயத் தொறக்காம இருந்தவ நான்."

டீ ஆறிவிட்டது. அவர் எடுத்துக்கொண்டுபோய் வேறு போட்டு வந்தார். அப்புறம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "ரத்தினபாய் போனப்பறம் என் கேக்க நானே தின்னுக்கிட்டிருக்கேன். என்னதான் நல்லா இருந்தாலும், சலிச்சுப்போச்சுண்ணா."

உனக்காக அளவுகளைச் சொன்னார். வேறு யாருக்கும் கொடுத்ததில்லையாம். தனித்தாளில் எழுதி இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன். ஆரஞ்சுத் தோலைச் சர்க்கரைப் பாகில் ஊறவைத்துப் போடுகிறார். நறநறவென்று மாட்டியது வறுத்த ரவை. ரவைக்குச் செமோலினா என்றால் அங்கே கிடைப்பது கடினம். ஃபரீனா என்று கேள், காலையில் கஞ்சி வைக்க விற்கும் பெட்டியில் இருக்கும் என்று அகராதியும் பத்திரிகையும் ஒரே குரலில் சொல்கின்றன. இந்த ஒன்றில் எனக்குச் சந்தேகம் இல்லை.

அம்மா உன் கல்யாணத்தில் உனக்கு எழுதிக் கொடுத்தது அவளுடைய சொந்தக் கேக். வேறு எதை எழுத முடியும் அவளால்.

வீட்டுக்கு வந்து படுத்தேன், தூக்கம் வரவில்லை. உன் கேள்வி அப்படியே இருக்கிறது. மறக்கவில்லை.

அப்பா


டேட்டன்
26 நவம்பர் 1989

அன்புள்ள அப்பாவுக்கு,

ஃபரீனா கிடைத்தது. கஞ்சிப் பெட்டிதான்.

செல்லம்மா ஆன்ட்டியின் கேக்கை வியாழக்கிழமை செய்தேன். இங்கே அன்றைக்கு லீவு. அடுப்பிலிருந்து எடுப்பதற்கு முன்னாலேயே தெரிந்துவிட்டது. அந்த வாசனையிலேயே தாம்பரம் வீட்டுக் கூடம், நீங்கள் ஒட்டுகிற நட்சத்திரம், அம்மா புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வருவது எல்லாம் வந்துவிட்டது. ஜெனி மூன்று துண்டு தின்றாள். இதுதான் அம்மாவின் கேக் என்று அவளிடம் சொல்ல வாயெடுத்தேன். சொல்ல முடியவில்லை.

அப்புறம்தான் உறைத்தது. அம்மாவின் கேக்கை நான் இரண்டு தடவை சரியாகச் செய்தேன். இரண்டு தடவையும் குப்பையில் போட்டேன்.

நேற்று வீட்டில் யாரும் இல்லை. மூன்றாவது தடவையாக அம்மாவுடையதைச் செய்து, ஆறும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். எனக்கு அது எதையுமே ஞாபகப்படுத்தவில்லை அப்பா. கசப்பு, கொஞ்சம் ஜாதிக்காய், கடைசியில் ஒரு காரம். சுக்கா அது? அம்மா நான் பார்க்காத ஒரு புடவையைக் கட்டிக்கொண்டு வந்து நிற்கிற மாதிரி இருந்தது. என்ன பேசுவது என்று தெரியாமல் அரைத் துண்டைத் தின்றேன். அப்புறம் மிச்ச அரையையும் தின்றேன். மீதியைச் சுற்றி வைத்திருக்கிறேன்.

நான் தின்ன வேண்டும் என்பதற்காகத் தன் கேக்கை வருஷா வருஷம் வேறு வீட்டுக்குக் கொடுத்திருக்கிறாள். அவளைப் புதைக்க நான் வரவில்லை.

நீங்கள் பதில் சொல்லவில்லை. இன்னும் ஒரு மாதம்தான் இருக்கிறது. எந்தத் தேதியாக இருந்தாலும் சரி, தந்தி அடியுங்கள், டிக்கெட்டை நான் பார்த்துக்கொள்கிறேன்.

பேபி


கிழக்குத் தாம்பரம்
15 டிசம்பர் 1989

அன்புள்ள பேபிக்கு,

சுக்குதான். அம்மா குறிப்பில் 'சிறிது' என்று போட்டிருக்கிறாள். அவளுடைய சிறிது எனக்குத் தெரியும்.

முதலில் உன் கேள்விக்குப் பதில். நீ அம்மாவின் அடக்கத்துக்கு வராததை நான் ஒருநாளும் குற்றமாக எண்ணவில்லை. ஒரு வார்த்தையும் சொல்லாமல் இருந்தது நான் எதையும் சொல்லாமல் இருப்பவன் என்பதால்தான். அந்த மௌனம் உனக்கு எப்படிக் கேட்டிருக்கும் என்று நான் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். கடைசி நாட்களில் அவள் உன்னைத் தேடினாள், கோபமாகத் தேடவில்லை. "பேபி வந்தா இங்கேயே மாட்டிக்காம திரும்பப் போக முடியுமா?" என்று இரண்டு மூன்று முறை கேட்டாள். முடியாது என்றேன். "அப்ப வர வேணாம்" என்றாள். இதை அப்போதே உனக்கு எழுதியிருக்க வேண்டும்.

இனி மற்றது. அம்மாவின் கேக்கை நானே கலந்தேன். என்னால் முடியுமா என்ற சந்தேகத்தில் எல்லாவற்றையும் முந்தின நாளே அளந்து, கிண்ணம் கிண்ணமாக மூடி வைத்தேன். வெண்ணெயும் சர்க்கரையும் குழைத்ததில் தோள்பட்டை இன்னும் வலிக்கிறது. சர்க்கரையைக் கருக்குவதுதான் பயமாக இருந்தது. புகை கிளம்பியதும் அடுப்பை அணைத்துவிட்டேன். மறுநாள் டின்னில் ஊற்றி, பெயர்க் காகிதம் ஒட்டி, பேக்கரிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். பொன்னுசாமி, "இன்னா சார், டிகிரி பாத்துட்டியா?" என்றார். பார்த்துவிட்டேன் என்று சொன்னேன்.

செல்லம்மா தன் டின்னோடு எனக்கு முன்னாலேயே வந்திருந்தார். சாயங்காலம் இருவரும் போனோம். சபையில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்களே என்று வழியெல்லாம் கூச்சமாக இருந்தது. அவர் என் டின்னை எடுத்துக்கொண்டார். நான் அவருடையதை எடுத்துக்கொண்டேன். அங்கேயே, பேக்கரிப் பலகையின் மேல் வைத்து, பொன்னுசாமியிடம் கத்தி வாங்கி, ஓரத்தில் ஒரு துண்டு வெட்டி வாயில் போட்டார். நான் தேர்வு எழுதிய பையன் மாதிரி நின்றேன்.

ரொம்ப நேரம் மென்றார். "பயந்து பயந்து கருக்கியிருக்கீங்கண்ணா" என்றார். "ரத்தினபாய்னா பொகை வந்தப்பறமும் நிப்பா. அடுத்த வருஷம் கொஞ்சம் தைரியமா விடுங்க." பிறகு இன்னொரு துண்டு வெட்டினார்.

அடுத்த வருஷம் என்று அவர் சொன்னபோது, நான் இருக்க மாட்டேன், அமெரிக்கா போகிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சரி என்றேன்.

பேபி, நான் வரவில்லை.

இந்த வரிக்குக் கீழே நிறையக் காரணங்கள் எழுதி அடித்துவிட்டேன். நான் கற்றுக்கொடுத்த ஆங்கிலத்தில் உன் ஊரில் டீக்கு ஒரு பிஸ்கட்கூடக் கேட்க முடியாது என்று எழுதினேன். அது காரணம் ஆகாது. பெயர்களையெல்லாம் நூலகத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டுவிட்டேனே. ஜெனியிடம் குக்கி என்றே கேட்டிருப்பேன். உடம்பு என்று எழுதினேன், அதுவும் சரியில்லை. உண்மை இவ்வளவுதான்: உன் அம்மாவோடு இத்தனை வருடம் வாழ்ந்தேன், அவள் கேக் எப்படி இருக்கும் என்று தெரியாமல் இருந்தேன். அது கேம்ப் ரோட்டில் ஒருவருக்குத் தெரிந்திருக்கிறது. இன்னும் யாரிடம் என்ன இருக்கிறதோ தெரியாது. நான் களைத்துவிட்டேன், இருந்தாலும் இந்தத் தெருக்களில்தான் களைப்பு எனக்குப் பழக்கமாக இருக்கிறது.

சுந்தரராமனிடம் இல்லை என்று சொல்லிவிட்டேன். மதில் சுவருக்கு மேலாகத்தான் சொன்னேன், ஆனாலும் சொல்லிவிட்டேன்.

கீழறையை நீ ஒழித்து வைத்ததை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சாப்பாடு இறங்குவதில்லை. மாப்பிள்ளையிடம் என் மன்னிப்பைச் சொல்.

அப்பா


டேட்டன்
4 ஜனவரி 1990

அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் நேற்று வந்தது. உள்ளே தேதி பதினைந்து. உறையில் தாம்பரம் தபால் முத்திரை இருபது. விசா இருபத்தெட்டோடு முடிந்தது. சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தைரியம் வராமல் நடந்தீர்களா, இல்லை கணக்குப் போட்டுத்தான் தபாலில் போட்டீர்களா என்று கேட்க மாட்டேன். உங்களை எனக்குத் தெரியும். டிசம்பர் முழுவதும் தந்தி வரும் வரும் என்று காத்திருந்தேன்.

கோபம் இருக்கிறது. இப்போதைக்கு இருக்கட்டும்.

"அப்ப வர வேணாம்" என்று அம்மா சொன்னதை சாமிடம் படித்துக் காட்டினேன். அவர் கடிதத்தை வாங்கித் தானும் ஒருமுறை படித்தார்.

கிறிஸ்துமஸ் மேசையில் இரண்டு கேக்கும் வைத்தேன். வந்தவர்கள் எல்லாம் செல்லம்மா ஆன்ட்டியுடையதைத் தின்றார்கள். அம்மாவுடையதை ஒருவரும் இரண்டாவது துண்டு கேட்கவில்லை. நான் நாளுக்கு ஒரு துண்டாக டீயோடு தின்கிறேன். எட்டு நாளில் பழகிவிட்டது. இப்போது மற்றது எனக்குக் கொஞ்சம் திகட்டுகிறது. இதை ஆன்ட்டியிடம் சொல்ல வேண்டாம்.

கீழறையில் ஜெனி தன் சைக்கிளை வைத்திருக்கிறாள். வேண்டுமென்றால் எடுத்துவிடலாம்.

நேற்று ராத்திரி மறுபடியும் சர்க்கரையைக் கருக்கினேன், புகை வந்தபிறகும் நின்றேன். வீட்டிலுள்ள புகை அலாரம் அலறிவிட்டது. நீங்கள் எந்த நிறத்தில் அணைத்தீர்கள் என்று எழுதுங்கள்.

பேபி